முற்பிதாக்களின் குடும்பக் கதைகளை வீட்டில் வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 12 முதல் 50 வரையிலான அதிகாரங்களை ஒரு குடும்பமோ, நான்கைந்து வீடுகள் சேர்ந்த சிறு கூட்டமோ வரிசையாக வாசித்து, விசுவாசத்தையும் குடும்ப வாழ்க்கையையும் பற்றிப் பேசுவதற்கான வழிமுறை இது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் கத்தோலிக்கரின் அன்பியக் கூட்டங்களிலும் இந்தப் பாடத்தை நடத்தியும், மற்றவர்கள் நடத்துவதைப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். புதிதாகப் பொறுப்பேற்பவர்களில் பலர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: ஆபிரகாமையும் யாக்கோபையும் முன்மாதிரிகள் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டு, அந்தத் தீர்மானத்துக்கு ஒத்துவராத வசனங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேதம் அந்த வசனங்களை மறைக்கவில்லை. நாமும் மறைக்காமல் வாசித்தால்தான் பாடம் கிடைக்கும்.

1. தொடங்குவதற்கு முன் வேண்டியவை

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள். ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் மகனும், பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போய் வாரக் கடைசியில் திரும்பும் தகப்பனும் இருக்கும் வீட்டில் வார நாட்களில் கூட்டம் வைத்தால், பெண்களும் பிள்ளைகளும் மட்டுமே உட்கார்ந்திருப்பார்கள். தகப்பன்மார்களின் தவறுகள் நிறைந்த கதைகளைத் தகப்பன்மார் இல்லாமல் பேசுவதில் பயன் குறைவு. ஞாயிறு மாலை, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு தொடங்குவது பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவருகிறது. மாங்காய் பறிப்புக் காலத்தில் தொடங்காதீர்கள், பாதியில் நின்றுவிடும்.

உரக்க வாசிப்பதற்கு ஒரே மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கலந்திருக்கும் வீட்டில் ஒருவர் தொடக்கநூல் என்பார், மற்றவர் ஆதியாகமம் என்பார். இரண்டும் ஒரே நூல், அதிகார எண்களும் ஒன்றே. தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்து வீடுகளில் பாட்டிமார் தெலுங்கிலோ கன்னடத்திலோ வாசித்துப் பழகியிருந்தால், அவர்கள் முந்தைய நாளே தங்கள் வேதாகமத்தில் அந்தப் பகுதியை வாசித்துவிட்டு வரட்டும். கூட்டத்தில் இரண்டு மொழிகளில் மாறி மாறி வாசித்தால் கதையின் ஓட்டம் அறுந்துவிடும்.

ஒரு பெரிய அட்டை, ஒரு பேனா, ஒரு நோட்டு ஆகியவை போதும். வீடியோக்களும் படங்களும் தேவையில்லை. படத்தில் பார்த்த யோசேப்பு மனதில் நின்றுவிட்டால், வசனத்தில் இருக்கும் யோசேப்பைப் பார்ப்பது கடினம்.

2. வம்ச அட்டையையும் வயதுகளையும் முதலில் எழுதுங்கள்

முதல் கூட்டத்தில் பாடம் தொடங்குவதற்கு முன்பே, ஆபிரகாமின் தகப்பன் தேராகுவிலிருந்து யாக்கோபின் 12 மகன்கள் வரை உறவுமுறையை அட்டையில் வரைந்துவிடுங்கள். இந்தக் கதையில் வரும் சண்டைகள் பெரும்பாலும் உறவுக்குள் நடப்பவை. யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் வாசிப்பவருக்குப் பாதி புரியாது. நம் ஊரில் இதற்கு ஒரு வசதி உண்டு. லாபான் ரெபெக்காளின் சகோதரன், ஆகவே யாக்கோபுக்குத் தாய்மாமன் என்று எழுதியவுடன், லாபானின் மகள் ராகேல் முறைப்பெண் என்பது சிறுபிள்ளைக்கும் விளங்கிவிடும். மாமன் வீட்டில் வேலை செய்து கடன் தீர்க்கும் மருமகனின் சங்கடத்தையும் தனியாக விளக்க வேண்டியதில்லை. சாராள் ஆபிரகாமுக்குத் தகப்பன் வழியில் சகோதரி என்ற 20:12 வசனம்தான் எல்லாரையும் திடுக்கிட வைக்கும். அந்த உறவு பிற்காலத்தில் மோசேயின் சட்டத்தில் தடை செய்யப்பட்டது என்று சொல்லிக் கடந்துவிடுங்கள்.

அடுத்து வயதுகளை எழுதுங்கள். ஆபிரகாம் ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது 75. இஸ்மவேல் பிறந்தபோது 86. ஈசாக்கு பிறந்தபோது 100. ஈசாக்கு திருமணம் செய்தபோது 40, இரட்டையர் பிறந்தபோது 60. யோசேப்பு 17 வயதில் கதைக்குள் வருகிறான். பார்வோனுக்கு முன்பாக நின்றபோது 30. வேதத்தில் இரண்டு வசனங்களுக்கு இடையே 13 ஆண்டுகள் போய்விடும். வாசிப்பவர் அதை உணரமாட்டார். அட்டையில் எண்களைப் பார்த்தால்தான் ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேற 25 ஆண்டுகள் ஆயின என்பதும், ஈசாக்கு தன் மனைவிக்காக வேண்டிக்கொண்ட கதை ஒரே வசனத்தில் முடிந்தாலும் அதற்குள் 20 ஆண்டுக் காத்திருப்பு இருக்கிறது என்பதும் தெரியும்.

3. பகுதிகளைப் பிரித்து, வரிசையை மாற்றாமல் வாசியுங்கள்

12 கூட்டங்களாகப் பிரிப்பது கைக்கு அடக்கமாக இருக்கும். 11:27 முதல் 12ஆம் அதிகார முடிவு வரை முதல் கூட்டம். 13, 15 இரண்டாவது. 16ஆம் அதிகாரமும் 21:1-21ம் மூன்றாவது. 22, 23 நான்காவது. 24ஆம் அதிகாரமும் 25:19-34ம் ஐந்தாவது. 26 தனியாக ஆறாவது. 27, 28 ஏழாவது. 29 முதல் 31 வரை எட்டாவது. 32, 33 அதிகாரங்களும் 35ஆம் அதிகாரமும் ஒன்பதாவது. 37, 39 முதல் 41 வரை பத்தாவது. 42 முதல் 45 வரை பதினோராவது. 46 முதல் 50 வரை கடைசி.

பலர் யோசேப்பில் தொடங்க ஆசைப்படுகிறார்கள், அது பிள்ளைகளுக்குப் பிடித்த கதை என்பதால். அப்படித் தொடங்கினால் கதையின் வேர் தெரியாது. யாக்கோபு தன் தகப்பனை ஏமாற்றியபோது பயன்படுத்தியவை ஆட்டுக்குட்டிகளின் தோலும் அண்ணனின் உடையும். பல ஆண்டுகள் கழித்து அவனுடைய மகன்கள் அவனை ஏமாற்றியபோது பயன்படுத்தியவை ஆட்டுக்கடாவின் இரத்தமும் தம்பியின் அங்கியும். 27ஆம் அதிகாரத்தை வாசித்த பிறகு 37ஐ வாசிக்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைத் தானாகவே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

19, 34, 38 அதிகாரங்களைப் பெரியவர்கள் மட்டும் இருக்கும்போது தனியாக வாசியுங்கள். பிள்ளைகள் முன் வாசித்துவிட்டுக் கேள்விகளுக்குத் திணறுவதும் தவறு. அவை இல்லாததுபோல நடந்துகொள்வதும் தவறு. 34ஆம் அதிகாரம் முழுவதும் யாக்கோபின் மகள் தீனாளைப் பற்றி ஆண்கள் பேசுகிறார்கள், அவள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. இதை ஒரு தாய் கவனித்துச் சொன்னால் அந்தக் கூட்டம் வீண்போகவில்லை.

4. முதலில் வாசிப்பு, பிறகு மூன்று கேள்விகள்

பகுதியை உரக்க வாசியுங்கள். பேச்சுகள் வரும் இடங்களை ஆளுக்கு ஒருவராகப் பிரித்துக்கொடுங்கள். லாபானின் வார்த்தைகளை வீட்டின் மாமனாரே வாசிக்கும்போது சிரிப்பு வரும், வரட்டும்.

வாசித்து முடித்தவுடன் இந்த வரிசையில் கேளுங்கள். என்ன நடந்தது? யார் எதைச் சொன்னார்கள், எதை மறைத்தார்கள்? தேவன் இங்கே என்ன சொன்னார், என்ன செய்தார், அல்லது மௌனமாக இருந்தாரா? இந்த மூன்றுக்கும் வசனத்தில் விரலை வைத்துப் பதில் சொன்ன பிறகுதான் நமக்கு இதில் என்ன என்ற கேள்விக்கு வர வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கினால் ஒவ்வொருவரும் ஏற்கெனவே மனதில் வைத்திருக்கும் புத்திமதியைக் கதையின்மேல் ஏற்றிச் சொல்வார்கள். பெரும்பாலும் அந்தப் புத்திமதி மருமகளையோ, வாலிப மகனையோ குறிவைத்ததாக இருக்கும்.

5. ஆபிரகாம்: விசுவாசத்தை அதன் தடுமாற்றத்தோடு வாசிப்பது

12ஆம் அதிகாரத்தை 9ஆம் வசனத்தோடு நிறுத்திவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அழைப்பைக் கேட்டுப் புறப்பட்ட அதே மனிதர், பஞ்சம் வந்தவுடன் எகிப்துக்குப் போய், தன் உயிருக்குப் பயந்து மனைவியைச் சகோதரி என்று சொல்லி, அவள் பார்வோனின் வீட்டுக்குக் கொண்டுபோகப்பட இடம் கொடுத்தார். அவளை விடுவித்தது கர்த்தர். 20ஆம் அதிகாரத்தில் அதே பொய் மறுபடியும் வருகிறது. 26ஆம் அதிகாரத்தில் மகன் ஈசாக்கும் அதையே சொல்கிறார். விசுவாசம் உள்ளவருக்குப் பயம் இருக்காது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருபவர்கள் இந்த மூன்று இடங்களையும் வாசித்தபின் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். 15:6ல் ஆபிராம் (ஆபிரகாமின் முந்தைய பெயர்) கர்த்தரை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற வசனம் இந்தத் தடுமாற்றங்களுக்கு நடுவே நிற்கிறது. அதை அங்கேயே வைத்து வாசிக்க வேண்டும்.

சாராளின் கதைக்கு வரும்போது கூடுதல் கவனம் வேண்டும். கூட்டத்தில் பிள்ளை இல்லாத தம்பதியர் இருக்கக்கூடும். திருமணமாகி இரண்டாவது ஆடி வருவதற்குள் கேள்வி கேட்கத் தொடங்கும் ஊர்கள் நம்முடையவை. சாராளைப்போல விசுவாசித்தால் பிள்ளை கிடைக்கும் என்று யாராவது சொன்னால், கிடைக்காதது அவர்களுடைய விசுவாசக் குறைவு என்று ஆகிவிடும். வசனமும் அப்படிச் சொல்லவில்லை: சாராள் கேட்டுச் சிரித்தாள், பிறகும் பெற்றாள். பிள்ளை இல்லாவிட்டால் சாகிறேன் என்று சொன்ன ராகேல், இரண்டாவது பிள்ளையைப் பெறும்போது வழியில் இறந்துபோனாள். கூட்டத்துக்கு முன்பே அந்தத் தம்பதியரிடம் தனியாகப் பேசி, அன்றைய பகுதி எது என்று சொல்லிவிடுவது நல்லது. வருவதும் வராததும் அவர்கள் விருப்பம்.

ஆகாரை விட்டுவிடாதீர்கள். அவள் சாராளின் அடிமைப்பெண், எகிப்தியள், இஸ்மவேலின் தாய், வீட்டாரின் அவசரத்துக்குப் பயன்படுத்தப்பட்டு, பிறகு அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து அனுப்பிவிடப்பட்டவள். ஆனால் தன்னோடு பேசிய கர்த்தருக்கு ‘நீர் என்னைக் காண்கிற தேவன்’ என்று பெயரிட்டவள் அவள்தான். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் குடும்பங்களில் இந்தப் பகுதியை வாசித்தபின் பேச்சு சற்று நேரம் எழாது. அந்த மௌனத்தைப் பாட்டுப் பாடி நிரப்ப வேண்டாம்.

ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன மோரியா மலைக் கதையைப் பிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் ஒருபோதும் பாதியில் நிறுத்தாதீர்கள். தகப்பன் கத்தியை எடுத்த இடத்தில் ஜெபம் செய்து, மீதி அடுத்த வாரம் என்று சொன்ன ஒரு கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஏழு வயதுப் பையன் ஒருவன் அன்றிரவு தகப்பன் பக்கத்தில் படுக்க மறுத்தான். 22ஆம் அதிகாரத்தின் முதல் வசனமே இது ஒரு சோதனை என்று சொல்லிவிடுகிறது. அதை முதலில் வாசித்து, பையன்மேல் கைபோடாதே என்ற 12ஆம் வசனமும், முட்செடியில் சிக்கிய ஆட்டுக்கடாவும் வரும்வரை மூச்சு விடாமல் வாசித்துவிடுங்கள். ஊழியத்துக்காகக் குடும்பத்தைப் பலியிடலாம் என்பதற்கு இந்தக் கதையை ஆதாரமாகக் காட்டுவோர் உண்டு. இங்கே பிள்ளையின் பலியைத் தடுத்து நிறுத்தியவரே தேவன்.

6. ஈசாக்கு: கிணறுகள்

26ஆம் அதிகாரத்துக்கு ஒரு முழுக் கூட்டத்தையும் ஒதுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராத ஊர்களில், கிணற்றில் பங்கு, மோட்டார் முறை, பக்கத்து வயல்காரன் ஓட்டிய வரப்பு ஆகியவற்றால் அண்ணன் தம்பிகள் பேசாமல் இருப்பது புதிதல்ல. கேராரின் பள்ளத்தாக்கில் ஈசாக்கின் வேலைக்காரர் கிணறு வெட்டி ஊற்றைக் கண்டவுடன், அந்த ஊர் மேய்ப்பர் அது தங்களுடைய தண்ணீர் என்று வாக்குவாதம் செய்தார்கள். அவர் விட்டுவிட்டு வேறொன்று வெட்டினார். அதற்கும் சண்டை. மூன்றாவது கிணற்றுக்குத்தான் யாரும் வரவில்லை.

இங்கே பாடம் நடத்துபவர் செய்யும் தவறு, உடனே ‘விட்டுக்கொடுங்கள்’ என்று முடிப்பது. பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருக்கும் விதவைக்கு அது பாரமான வார்த்தை. ஆகவே மூன்று இடங்களைச் சேர்த்து வாசியுங்கள். 21:25ல், கேராரின் ராஜா அபிமெலேக்கின் வேலைக்காரர் பறித்துக்கொண்ட கிணற்றைப் பற்றி ஆபிரகாம் அவரை நேருக்கு நேர் கடிந்துகொள்கிறார். 23ஆம் அதிகாரத்தில், சாராளை அடக்கம் செய்ய இடம் சும்மா தருகிறோம் என்று ஏத்தின் புத்திரர் சொன்னபோதும், ஊர்வாசலில் எல்லாரும் கேட்க விலை பேசி 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுத்து மக்பேலா என்ற குகை நிலத்தை வாங்குகிறார்; தேசம் முழுவதும் வாக்களிக்கப்பட்டவர், கல்லறை நிலத்துக்குச் சாட்சிகளை வைத்துக்கொண்டார். 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு விலகிப் போகிறார். ஆனால் 27ஆம் வசனத்தில் அபிமெலேக்கு சமாதானம் பேச வந்தபோது, ‘என்னைப் பகைத்துத் துரத்திவிட்ட நீங்கள் ஏன் வந்தீர்கள்’ என்று கேட்டுவிட்டுத்தான் விருந்து வைக்கிறார்.

விட்டுக்கொடுப்பதும், உரிமையைப் பேசுவதும், எழுதி வாங்குவதும் ஆகிய மூன்றும் இந்தக் குடும்பத்தில் உண்டு. எந்தச் சமயத்தில் எது என்பதைக் கூட்டம் தீர்மானிக்கக் கூடாது. பிரச்சினை உள்ளவர் வசனத்தோடு வீட்டுக்குப் போகட்டும். நடக்கும் வழக்கு ஒன்றில் கூட்டம் பஞ்சாயத்துப் பேசத் தொடங்கினால் அடுத்த வாரம் ஒரு தரப்பு வராது.

7. யாக்கோபு: பாரபட்சம் என்ன செய்யும்

25:28 ஒரே வசனம்தான்: ஈசாக்கு இரட்டையரில் மூத்தவனான ஏசாவின்மேலும், ரெபெக்காள் இளையவனான யாக்கோபின்மேலும் அன்பாயிருந்தார்கள். ஈசாக்குக்கு வேட்டை இறைச்சியில் ருசி என்ற காரணமும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. இந்த வசனத்தை வாசித்தபின், எந்தப் பெற்றோரையும் உங்களுக்கு எந்தப் பிள்ளைமேல் பிரியம் என்று பொதுவில் கேட்காதீர்கள். பிள்ளைகளிடமும் கேட்காதீர்கள். ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய், தங்கள் பிள்ளைகளில் யாருக்குப் படிப்புச் செலவு, யாருக்கு நகை, யாருக்கு நிலம் என்று நோட்டில் எழுதிப் பார்க்கச் சொன்னால் போதும். மகளுக்கு எதிரே இருக்கும் கட்டம் காலியாக இருப்பதை எழுதியவரே பார்த்துக்கொள்வார்.

27ஆம் அதிகாரத்தில் ரெபெக்காள், அண்ணனின் கோபம் தணியும்வரை சில நாள் லாபானிடம் இரு என்று யாக்கோபை அனுப்புகிறாள். பாலக்கோட்டுக்கு அருகே ஒரு வீட்டில், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்த ஒரு பாட்டி, ‘அவ அந்தப் பையனத் திரும்பப் பார்த்தாளா?’ என்று கேட்டார். எல்லாரும் தாள்களைப் புரட்டத் தொடங்கினார்கள். 31:38ல் 20 வருஷம் என்று இருக்கிறது. 35ஆம் அதிகாரத்தில் ரெபெக்காளின் தாதி அடக்கம் செய்யப்படுகிறாள். யாக்கோபு தகப்பனிடம் வந்து சேர்கிறான். ரெபெக்காளும் யாக்கோபும் மறுபடி சந்தித்ததாக ஒரு வசனமும் இல்லை. 49:31ல், அவளையும் மக்பேலாவில் அடக்கம் செய்தார்கள் என்று மட்டும் யாக்கோபு சாகும்போது சொல்கிறான். பாட்டி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அன்றைக்கு நான் தயாரித்துவந்த குறிப்புகளுக்கு வேலையில்லை.

ராகேலின் அக்காளும் யாக்கோபின் முதல் மனைவியுமான லேயாளுக்கு நேரம் கொடுங்கள். ஒவ்வொரு மகன் பிறக்கும்போதும் இனி புருஷன் என்னை நேசிப்பார், இனி என்னோடு சேர்ந்திருப்பார் என்று அவள் சொல்வதை வரிசையாக வாசித்தால், நான்காவது பிள்ளையான யூதா பிறக்கும்போது அவள் புருஷனைப் பற்றிப் பேசாமல் கர்த்தரைத் துதிப்பது தெரியும். இரண்டு மனைவிகள் இருந்ததை வேதம் சொல்வதால் அதை ஏற்கிறது என்று வாதிடுபவர் ஒருவராவது இருப்பார். 29, 30 அதிகாரங்களை முழுமையாக வாசிக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டில் யாரும் சந்தோஷமாக இல்லை.

33ஆம் அதிகாரத்தில் ஏசா ஓடிவந்து தழுவிக்கொள்கிறான். சமாதானம் நடந்துவிட்டது. ஆனால் ஏசாவின் ஊரான சேயீருக்கு வருகிறேன் என்று சொன்ன யாக்கோபு சுக்கோத்துக்குப் போய்விடுகிறான். அது பொய்யா, எச்சரிக்கையா என்று கூட்டத்தில் விவாதம் வரும். என் கருத்து இது: மன்னிப்புக்குப் பிறகு ஒரே கூரையின்கீழ் வாழ வேண்டும் என்ற கட்டாயத்தை இந்தக் கதை யாருக்கும் சுமத்தவில்லை. தகப்பனை அடக்கம் செய்ய இருவரும் ஒன்றாக வந்தார்கள் என்று 35:29 சொல்கிறது. ஈசாக்கும் இஸ்மவேலும் தங்கள் தகப்பனுக்கு அப்படித்தான் வந்தார்கள்.

8. யோசேப்பு: யூதாவையும் பாருங்கள்

சொப்பனம் பலித்தது, சிறையிலிருந்தவன் அதிபதியானான் என்று இதை முன்னேற்றக் கதையாக நடத்துவது எளிது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஆனால் குடும்பத்தைப் பற்றிய பாடம் யூதாவிடம் இருக்கிறது. 37ஆம் அதிகாரத்தில் தம்பியை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் அவன். விலை 20 வெள்ளிக்காசு. 44ஆம் அதிகாரத்தில் கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்று நிற்பவனும் அவனே. தகப்பன் இன்னமும் ஒரு பிள்ளையை அதிகமாக நேசிக்கிறார், அது மாறவில்லை. மாறியவன் யூதா. அவனுடைய பேச்சைக் கேட்ட பிறகுதான் யோசேப்பால் தன்னை அடக்கிக்கொள்ள முடியவில்லை என்று 45:1 சொல்கிறது. இரண்டு அதிகாரங்களையும் ஒருவரே வாசிக்கட்டும்.

50:20 பற்றி ஓர் எச்சரிக்கை. நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்று சொன்னவன் பாதிக்கப்பட்டவன். சகோதரர் அதைச் சொல்லவில்லை. சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. அடித்த கணவனோ, சொத்தை எழுதிக்கொண்ட அண்ணனோ இந்த வசனத்தைத் தங்களுக்குச் சாதகமாக எடுக்க முயன்றால் உடனே தடுத்துவிடுங்கள். பாதிக்கப்பட்டவரிடம் இதை மனப்பாடம் செய்யச் சொல்லித் தருவதும் வேண்டாம். யோசேப்புக்கே அதைச் சொல்ல எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை அட்டையில் காட்டுங்கள்: விற்கப்பட்டபோது 17, சகோதரரிடம் தன்னை வெளிப்படுத்தியபோது 39, இந்த வார்த்தையைச் சொன்னது அதற்கும் 17 ஆண்டுகள் கழித்து, தகப்பன் இறந்த பிறகு.

9. எபிரெயர் 11ஐக் கடைசியில் வாசியுங்கள்

விசுவாச வீரர்களின் பட்டியல் என்று அறியப்படும் இந்தப் புதிய ஏற்பாட்டு அதிகாரத்தை முன்னுரையாக வைத்துத் தொடங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதலில் வாசித்தால் அந்தப் பெயர்கள் வெறும் பாராட்டாக நிற்கும். 12 கூட்டங்கள் முடிந்தபின் வாசித்தால், யாக்கோபின் 147 ஆண்டு வாழ்க்கையிலிருந்து அந்த அதிகாரம் எடுத்துக்கொண்டது எது என்பதைக் கூட்டம் கவனிக்கும்: மரண நேரத்தில் பேரப்பிள்ளைகளை ஆசீர்வதித்து, கோலின் முனையில் சாய்ந்து தொழுதுகொண்டது மட்டும்.

அதே கூட்டத்தில் யோசேப்பின் எலும்புகள் பற்றிய குறிப்பையும் பின்தொடருங்கள். ஆதியாகமம் 50:25ல் ஆணையிடச் சொன்னது, யாத்திராகமம் 13:19ல் மோசே எடுத்துக்கொண்டு போனது, யோசுவா 24:32ல் சீகேமில் அடக்கம் செய்தது ஆகிய மூன்று வசனங்களையும் மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுத்துத் தேடி வாசிக்கச் செய்யலாம். வம்ச அட்டையைக் கழற்றிவிட வேண்டாம். ரூத்தின் புத்தகத்தையோ மத்தேயு முதல் அதிகாரத்தையோ அடுத்துத் தொடங்கினால் யூதா, அவனுடைய மருமகள் தாமார் என்ற பெயர்கள் மறுபடியும் தேவைப்படும்.